ஆட்களை நீக்கிய நிறுவனத்தின் புத்தகத்தை இனி வாங்கலாமா?

பகடைக்குடில் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டை ஆடிவருகிறோம். கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னுடையது. மின்வெட்டு நாட்களில்கூட சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் பகடை உருட்டிய எங்கள் ஆட்டம், ஒரு வாக்குவாதத்தால் இரண்டு வாரமாக நின்றுபோயிருக்கிறது.

இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 1999 முதல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தின் கையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 11 அன்று ஹாஸ்ப்ரோ 1,100 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் அதற்கு முன்பே சுமார் 800 பேர் போயிருந்தார்கள். இந்த விளையாட்டின் உலகில் அமைந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆண்டின் சிறந்த கணினி விளையாட்டு என்ற விருதைப் பெற்று அப்போது நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. பிறகு 2025 மார்ச்சில், மேசை ஆட்டத்தை முப்பரிமாணத் திரைக்குக் கொண்டுவரும் ‘சிஜில்’ மென்பொருளை உருவாக்கிய குழுவிலும் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள்.

எங்களில் இளையவரான ஒரு தம்பி இந்த விளையாட்டுக்கான தன் இணையச் சந்தாவை நிறுத்திவிட்டு, 2024இல் வந்த புதிய விதிநூல் இனி மேசைமீது வரக்கூடாது என்கிறார். இன்னொருவர், “நாம் ஆறு பேர் வாங்காவிட்டால் ஹாஸ்ப்ரோ இழுத்து மூடிவிடுமா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தம்பியால் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவருடைய தாயார் 1990களில் இங்குள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர். புறக்கணிப்பதால் நீக்கப்பட்டவர்களுக்கு ஏதேனும் பயன் உண்டா, அல்லது மிஞ்சியிருப்பவர்களின் வேலைக்கும் அதுவே உலை வைக்குமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அலமாரிக்காரர் (ஜோகன்னஸ்பர்க்) பதில்:

நான் விளையாட்டுக் கடை நடத்துபவன் என்பதால் என் பதிலில் சொந்த நலனும் கலந்திருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அலமாரியில் இருக்கும் புத்தகத்திற்கு நான் ஏற்கெனவே ராண்டில் பணம் கட்டியாயிற்று. கப்பல் கூலி, விநியோகஸ்தரின் பங்கு, 15 சதவீத வாட் வரி எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. நீங்கள் அதை வாங்காமல் போனால் முதலில் வட்டி கட்டுபவன் நான். அமெரிக்காவில் இருப்பவருக்கு அந்தச் செய்தி அடுத்த ஆர்டர் சிறுத்த பிறகுதான் எட்டும்.

ஆனால் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதற்கும் கணக்கே சாட்சி. 2023இல் ஹாஸ்ப்ரோவின் மொத்த வருவாய் 15 சதவீதம் சரிந்து சுமார் 500 கோடி டாலரில் நின்றது. அதே ஆண்டில் விசார்ட்ஸ் அடங்கிய பிரிவின் வருவாய் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது. இழப்பு வந்தது பொம்மைப் பிரிவிலும், 2019இல் ஏறத்தாழ 400 கோடி டாலர் மதிப்பில் வாங்கிய இஒன் என்ற திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்திலும். பெப்பா பிக் போன்ற குழந்தைத் தொடர்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எஞ்சியதை 2023 இறுதியில் லயன்ஸ்கேட்டுக்கு ஹாஸ்ப்ரோ விற்றபோது கைக்கு வந்த ரொக்கம் 37.5 கோடி டாலர். அதாவது, உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளையின் தட்டிலிருந்தும் சோற்றை அள்ளினார்கள். ஆகவே “விற்பனை குறைந்தால்தான் வேலை போகும், அதனால் வாங்கிக்கொண்டே இருங்கள்” என்று சில ரசிகர்கள் சொல்வது இந்த விஷயத்தில் எடுபடவில்லை. நன்றாக விற்றபோதும் வேலை போயிற்று.

நூற்றெண்பத்தொன்பது (ஃபீனிக்ஸ்) பதில்:

எனக்கு இந்த விளையாட்டு தெரியாது. என் மகள் ஆடுவாள். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன் என்பதால் ஆட்குறைப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுகள் சட்டத்தில் 189ஆம் பிரிவு இருக்கிறது. ஆட்குறைப்பை எண்ணிப்பார்க்கும் கட்டத்திலேயே முதலாளி எழுத்துவழி அறிவிப்புக் கொடுத்து, காரணம் என்ன, வேறு என்ன வழிகளைப் பார்த்தார், அவை ஏன் ஒத்துவரவில்லை, எத்தனை பேர், எந்த அளவுகோலில் தேர்ந்தெடுக்கப்போகிறார் என்பதையெல்லாம் சொல்லிக் கலந்துபேச வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் இழப்பீடு. இவ்வளவு இருந்தும், இறக்குமதி வரிகள் இறங்கி வெளிநாட்டுத் துணி வந்து குவிந்த அந்த ஆண்டுகளில் எங்களால் பெரிதாக எதையும் தடுக்க முடியவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, சம்பள உறையோடு இன்னொரு பழுப்பு உறையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டாவது உறையை யாரும் அங்கே பிரிக்கவில்லை. தையல் எந்திரத்தின் மூடியைப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு பெண்கள் பேருந்துக்கு நடந்தார்கள். கத்தரிக்கோல் அவரவர் சொந்தப் பணத்தில் வாங்கியது.

அமெரிக்காவிலோ பெரிய நிறுவனங்கள் மொத்தமாக ஆட்களை நீக்கினால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. கலந்துபேசும் கட்டாயம் அதில் இல்லை. அந்த அறையில் தொழிலாளிக்கே நாற்காலி இல்லாதபோது வாடிக்கையாளருக்கு எங்கிருந்து வரும்? ரசிகர்கள் உதவ விரும்பினால், ஆட்கள் போன பிறகு கூச்சலிடுவதைவிட, இருக்கும்போதே சங்கம் அமைப்பவர்களின் பின்னால் நிற்கட்டும். என் மகள் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்: இதே வகை விளையாட்டான ‘பாத்ஃபைண்டர்’ வெளியிடும் பைசோ நிறுவனத்தின் ஊழியர்கள் 2021 அக்டோபரில் சங்கம் அறிவித்தபோது, அங்கே வெளியிலிருந்து எழுதிக்கொடுப்பவர்கள் பலர் வேலையை நிறுத்திவைத்து ஆதரவு தந்தார்கள், அதே மாதத்தில் நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

மூன்றாம்சுற்று (பீட்டர்மாரிட்ஸ்பர்க்) பதில்:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் புறக்கணிப்பு பயனற்றது என்ற முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். 2023 ஜனவரியில் நடந்தது நினைவிருக்கிறதா? இந்த விளையாட்டின் விதிகளைக் கொண்டு மற்றவர்களும் புத்தகம் வெளியிட்டு விற்க இடம் தந்து, 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த திறந்த விளையாட்டு உரிமத்தை மாற்றி, ஆண்டுக்கு 7,50,000 டாலருக்குமேல் விற்பவர்களிடம் அந்த எல்லையைத் தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை பங்கு கேட்கும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. ரசிகர்கள் கூட்டங்கூட்டமாகச் சந்தாவை ரத்துசெய்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதியே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது.

அது ஏன் வென்றது என்றால், கேட்டது ஒன்றே ஒன்று, அதைக் கொடுக்க நிறுவனத்தால் முடியும், கொடுத்தால் சந்தா திரும்ப வரும் என்பதும் அதற்குத் தெரியும். அதே ஆண்டு டிசம்பரில் ஆட்குறைப்பின்போது எழுந்த கோபத்தில் இந்த மூன்றும் இல்லை. நீக்கியவர்களைத் திரும்ப எடு என்று யாரும் ஒரே குரலில் கேட்கவில்லை. ஒருவர் தலைமை அதிகாரியின் சம்பளத்தைச் சொன்னார், ஒருவர் விசார்ட்ஸின் இன்னொரு விளையாட்டான ‘மேஜிக்’ சீட்டுகளின் விலையைச் சொன்னார், இன்னொருவர் பழைய பகை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு மிகவும் வெறுப்பூட்டியவர்கள், வேலை போன வடிவமைப்பாளர்களின் சமூக ஊடகப் பக்கத்திற்கே சென்று, “உங்கள் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கு இது வேண்டியதுதான்” என்று எழுதியவர்கள். கூலிக்கு எழுதியவரையும் கொள்கை வகுத்தவரையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்தக் குணம் ரசிகர்களிடம் கொஞ்சம் அதிகம்.

நான் செய்வது சிறிய காரியம். என்னிடமுள்ள புத்தகங்களின் முதல் பக்கத்தில் எழுத்தாளர், ஓவியர், பதிப்பாசிரியர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கின்றன. வேலை இழந்ததாகத் தாமே அறிவித்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அவர்கள் பிறகு தனியாகவோ சிறு பதிப்பகத்திலோ எதையாவது வெளியிட்டால் அதை முதலில் வாங்குகிறேன். ஒரு புத்தகத்தில் மட்டும் ஏழு புள்ளிகள்.

தூனித்தாத்தா (டர்பன்) பதில்:

பேரப்பிள்ளைகளே, நாங்கள் இந்த ஊரில் ஆடிய தூனி என்ற சீட்டாட்டத்திற்கு இருபத்துநான்கு சீட்டும் நான்கு பேரும் போதும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று விதி வாய்வழியாகவே வந்தது; முதலாளியும் இல்லை, சந்தாவும் இல்லை, எவரையும் வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. உங்கள் விதிகளும் பொதுவில் வந்துவிட்டன என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, பிறகு ஆட்டம் ஏன் நின்றது? புத்தகம் வாங்குவது ஒரு சண்டை, ஆடுவது வேறு. முதல் சண்டைக்காக இரண்டாவதை நிறுத்தாதீர்கள். (நாங்களும் ஒரு சீட்டுக்காக இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்கள்தான்.)

பகடைக்குடில் மறுமொழி:

பதிலளித்த எல்லோருக்கும் நன்றி. 189ஆம் பிரிவைப் பற்றி ஐயா எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன். கத்தரிக்கோல் பற்றிய வரியை அவர் தம் தாயாருக்குப் படித்துக் காட்டினாராம்; அம்மாவின் கத்தரிக்கோல் இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

இப்போதைக்கு எங்களுக்குள் முடிவானது இவ்வளவுதான். சந்தாவைத் தம்பி மீண்டும் கட்டப்போவதில்லை. அவரைக் கட்டச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் போவதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய விதிநூலை வைத்துக் கதையைத் தொடர்கிறோம், பாத்திரக் குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொள்கிறோம். மின்வெட்டு வந்தால் தாள்தான் கைகொடுக்கிறது என்பதையும் முன்பே கண்டிருக்கிறோம். சிரித்தவர் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார், ஆனால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாம்சுற்று அண்ணா, புள்ளி வைத்த அந்த ஏழு பேரில் யாராவது புதிதாக ஏதேனும் வெளியிட்டிருந்தால் தலைப்பை மட்டும் இங்கே எழுதுங்கள். அலமாரிக்காரர் அண்ணா, அதை உங்கள் கடைக்கு வரவழைக்க முடியுமா, எத்தனை பிரதிக்கு ஆர்டர் இருந்தால் கப்பல் கூலி கட்டுப்படியாகும்?