தினமும் ராணிப்பேட்டை, விடுமுறையில் மலைப்பயணம்: எந்த வண்டி வாங்கலாம்?

கேள்வி: சத்துவாச்சாரி வாசி

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பொருள் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மேல்விஷாரம் வழியாகப் போய்வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 45 கி.மீ. ஆகிறது. இப்போது ஓட்டுவது 110 சிசி இருசக்கர வண்டி. லிட்டருக்கு 60 கி.மீ.க்குக் குறையாமல் தருகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டினாலே என்ஜின் திணறுகிறது. கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி பின்னால் நெருங்கும்போது, சட்டென்று வேகமெடுத்து விலகிக்கொள்ள அதில் சக்தி இல்லை.

விடுமுறை நாட்களில் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஏலகிரி, ஜமுனாமரத்தூர், திருவண்ணாமலை என்று போய்வர விரும்புகிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது மைசூர், கொடைக்கானல் போன்ற தொலைவான ஊர்களுக்கும் செல்ல வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. மனைவிக்கு இடுப்பு வலி உண்டு என்பதால் பின்னிருக்கை எனக்கு முக்கியம். என் உயரம் 5 அடி 5 அங்குலம்.

ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350, மீட்டியோர் 350, ஹோண்டா ஹைனெஸ் சிபி350, டிவிஎஸ் ரோனின், சுசுகி ஜிக்ஸர் 250 ஆகிய ஐந்தையும் மனத்தில் வைத்திருக்கிறேன். மைலேஜ் 35-க்குக் கீழே இறங்கக் கூடாது. வேலைக்கும் பயணத்திற்கும் ஒரே வண்டியாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: காட்பாடியிலிருந்து

வணக்கம் நண்பரே. 350 சிசி வண்டியைச் சில ஆண்டுகளாக ஓட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். மைலேஜ் கணக்கை முதலில் ரூபாயில் போட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். மாதம் 25 நாள் வேலை என்றால் சுமார் 1,100 கி.மீ. ஓடும். லிட்டருக்கு 35 தரும் வண்டி இதற்கு 31 லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். 40 தரும் வண்டிக்கு இருபத்தேழரை லிட்டர் போதும். வித்தியாசம் நான்கு லிட்டர், அதாவது இன்றைய விலையில் மாதம் நானூறு ரூபாய். நீங்கள் சொன்ன ஐந்து வண்டிகளும் ஏறத்தாழ இந்த 35-க்கும் 40-க்கும் இடையில்தான் தரும். எனவே இந்த நானூறு ரூபாயை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட்டு, பத்து ஆண்டுகள் உடம்புக்கு ஒத்துவராத வண்டியில் உட்கார்ந்திருப்பது சரியாகாது என்பது என் உறுதியான கருத்து.

வண்டியின் பெயரைவிட நீங்கள் பிடிக்கும் வேகம்தான் மைலேஜை அதிகம் மாற்றும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கமாக ஏறுகிறது. 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 100-இல் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே ஆள். மேல்விஷாரம் தாண்டி 75, 80-இல் சீராகப் போனால் டேங்க் நிரம்பியது நிரம்பியதாகவே இருப்பது போலத் தோன்றும், 100-ஐப் பிடித்துக்கொண்டு போனால் பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும்.

ராயல் என்ஃபீல்டின் 349 சிசி என்ஜின் 20.2 பிஎச்பி (குதிரைத்திறன்) சக்தியும், நிமிடத்திற்கு 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருகிறது. ஹோண்டா சிபி350 அந்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாக 30 நியூட்டன் மீட்டரை 3,000 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. இருவர் உட்கார்ந்து, பையும் கட்டிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது கியரைக் குறைக்காமலே முந்திவிட முடிகிறதே, அது இந்தக் கீழ்ச்சுற்று இழுவையால்தான். நீங்கள் சொன்ன கன்டெய்னர் லாரிப் பிரச்சினைக்கு இதுவே மருந்து.

உங்கள் மனைவியின் இடுப்பு வலியை நினைத்தால் மீட்டியோரைப் பாருங்கள் என்பேன். டேங்க் 15 லிட்டர், இருக்கை உயரம் 765 மி.மீ. மட்டுமே, சில வகைகளில் பின்னிருக்கைக்கு முதுகுச் சாய்மானமும் உண்டு. ஓட்டுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கால் வைக்கும் கம்பி முன்னால் தள்ளி இருப்பதால் உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்குகிறது, குழியில் விழும் அடியும் நேராக முதுகெலும்புக்கு வருகிறது. அது ஒத்துவராது என்றால் சிபி350. அதிலும் டேங்க் 15 லிட்டர். ஹோண்டா இதைப் ‘பிக்விங்’ என்ற தனி ஷோரூம்களில் மட்டுமே விற்கிறது என்பதால், சர்வீஸுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில்: குடியாத்தத்திலிருந்து

காட்பாடி நண்பர் சொன்ன ரூபாய்க் கணக்கை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மீட்டியோர் 191 கிலோ, ஹன்டரும் சிபி350-யும் 181 கிலோ. ரோனின் சுமார் 160 கிலோ, ஜிக்ஸர் 250 வெறும் 156 கிலோ. இப்போது 110 சிசி வண்டியைச் சைக்கிளைப் போலத் தள்ளிப் பழகிய கைக்கு, இந்த 25, 30 கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும்.

மாலை நேரத்தில் கிரீன் சர்க்கிளில் இருந்து காட்பாடி ரயில்வே மேம்பாலம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். கிளட்சைப் பிடித்து, விட்டு, மறுபடியும் பிடித்து, ஓர் அடி நகர்ந்து, பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையில் கால் ஊன்றி நிற்கும்போது இடது மணிக்கட்டுக்கும் தொடைக்கும் எந்த வண்டி எவ்வளவு வேலை கொடுக்கிறது என்பது புரிந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்றால் ஆறும் பெரிய என்ஜினின் சூடு முழங்காலுக்குக் கீழே தாக்குவதும் அங்கேதான் தெரியும். உங்கள் வேலைப்பாதை பெரும்பாலும் நெடுஞ்சாலை என்பதால் இந்தத் தொல்லை உங்களுக்குக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் ஊருக்குள் கடைக்கும் மருத்துவமனைக்கும் இதே வண்டியில்தானே போக வேண்டும்?

அதனால் ரோனினைத் தள்ளிவிடாதீர்கள். 225.9 சிசி, 20.4 பிஎஸ் (பிஎச்பி-க்கு ஏறத்தாழச் சமமான அளவு) சக்தி, 3,750 சுற்றில் சுமார் 20 நியூட்டன் மீட்டர். சக்தியில் 350 வண்டிகளுக்கு ஏறத்தாழச் சமம், இழுவிசையில் குறைவு, எடையில் 20 கிலோவுக்கு மேல் மிச்சம். இருக்கை உயரம் 795 மி.மீ., உங்கள் உயரத்திற்கு இரண்டு பாதமும் நன்றாக ஊன்றும். டேங்க் 14 லிட்டர் என்பதால் ஒருமுறை நிரப்பினால் பெங்களூரு போய்த் திரும்பி வந்துவிடலாம். நிதானமாக ஓட்டினால் 40-ஐ ஒட்டி மைலேஜ் தருகிறது. இதை நானே டேங்க் நிரப்பிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஜிக்ஸர் 250 நல்ல வண்டிதான்; 26.5 பிஎஸ், ஆறு கியர், எண்ணெயால் குளிரும் என்ஜின், நெடுஞ்சாலையில் 100-இலும் அலட்டிக்கொள்ளாது. ஆனால் அதன் முழு சக்தி மேல்சுற்றில்தான் கிடைக்கும். பின்னிருக்கையும் உயரமாகவும் சிறியதாகவும் இருப்பதால் இடுப்பு வலி உள்ளவரை அதில் உட்கார வைத்துத் தொலைவு போக எனக்கு மனம் வராது. தனியாகப் போகிறவர் என்றால் முதல் பெயராக அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மலைக்கும் எடை கணக்குதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது 350-இன் இழுவை சுகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறங்கும்போது, எதிரே பேருந்து வந்து, வளைவின் நடுவில் சரிவில் நிறுத்தி ஒரு காலை ஊன்றித் தாங்க வேண்டி வந்தால், மனைவியும் பையும் சேர்ந்த அந்த எடை முழுவதும் ஒரே காலில் இறங்கும்.

பதில்: ஆம்பூரிலிருந்து

தம்பி, நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். எந்த வண்டி என்பதை நீங்களும் உங்கள் வீட்டாரும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்கிய பிறகு ‘மைலேஜ் வரவில்லை’ என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதை உங்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

மீட்டரில் காட்டும் சராசரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே பங்க்கில், முதல் ‘டக்’ சத்தத்தில் குழாய் நிற்கும் வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, குறைந்தது 300 கி.மீ. ஓட்டிய பின் அதே பங்க்கில் அதே அளவுக்கு மறுபடியும் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். முதல் இரண்டு சர்வீஸ் முடியும் வரை வருகிற எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மைலேஜைத் திருடுவதில் முதலிடம் டயர் காற்றுக்கு. இருவர் போகும்போது பின் டயருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். எவ்வளவு என்பது செயின் மூடியிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், வாங்கியதும் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அடுத்தது செயின். 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும், மழையில் ஓட்டினால் அன்றைக்கே. விரலால் செயினின் நடுப்பகுதியைத் தூக்கிப் பாருங்கள்; கம்பி போல விறைத்திருந்தாலும் குற்றம், தொய்ந்து தொங்கினாலும் குற்றம். சிப்காட் சாலையில் தூசு அதிகம், ஆகவே ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடச் சற்று முன்னதாகவே பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பத்து சதவீதக் கலவையோடு ஒப்பிடும்போது மூன்று, நான்கு சதவீதம் மைலேஜ் குறைவது இயல்புதான். அதற்காக என்ஜினைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டு வருவதில் பொருளில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வருகின்றன. பழைய வண்டி வாங்கும் எண்ணம் வந்தால், தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, 400 சிசி பக்கம் மனம் போனால் வரியையும் காப்பீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. மூன்றாம் நபர் காப்பீடும் 2022-இல் நிர்ணயித்தபடி 150-க்கு மேல் 350 வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804. நீங்கள் பார்க்கும் ஐந்தும் 350 சிசி கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கின்றன.

சத்துவாச்சாரி வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாதம் நானூறு ரூபாய்தான் வித்தியாசம் என்று எழுதிக் காட்டியதும் என் தயக்கம் பெருமளவு நீங்கிவிட்டது. ஜிக்ஸரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஹன்டரில் பின்னிருக்கை குட்டையாக இருப்பதாக மனைவி ஷோரூமில் உட்கார்ந்து பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். மீட்டியோர், சிபி350, ரோனின் என்று மூன்றில் வந்து நிற்கிறேன். ஆனால் ஷோரூமில் அரை கிலோமீட்டர் மட்டுமே ஓட்டத் தருகிறார்கள். அவ்வளவு தூரத்தில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: காட்பாடியிலிருந்து

அரை கிலோமீட்டரில் வேகத்தைச் சோதிக்க முயலாதீர்கள், அதில் தெரியப்போவது ஒன்றுமில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹேண்டிலை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, உட்கார்ந்தபடியே காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் சரிவு இருந்தால் அந்தச் சரிவில் தள்ளிப் பாருங்கள். குடியாத்தம் நண்பர் சொன்ன எடைக் கேள்விக்கு உங்கள் கால்களே பதில் சொல்லிவிடும். அந்தப் பதில் ‘முடியாது’ என்றால் என் பரிந்துரையை விட்டுவிட்டு ரோனினையே எடுங்கள்.

பிறகு மனைவியை ஏற்றிக்கொண்டு போங்கள், தனியாகப் போகவே வேண்டாம். அவருடைய பாதம் கம்பியில் முழுதாகப் படிகிறதா, முழங்கால் அதிகம் மடங்குகிறதா, பிரேக் பிடிக்கும்போது அவர் முன்னால் சரிந்து உங்கள் முதுகில் சாய்கிறாரா என்று கேளுங்கள். மூன்றாவது கியரில் 30-க்கு இறங்கி, கியரை மாற்றாமல் மெதுவாக ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் குதிக்காமல் இழுக்கிறதா என்று பாருங்கள். சாலையில் ஒரு வேகத்தடை இருக்கும்; அதன்மீது ஏறி இறங்கிய பின் அவர் இடுப்பைக் கேளுங்கள். மூன்று வண்டிகளையும் ஒரே நாளில், இடைவெளி விடாமல் ஓட்டினால்தான் ஒப்பிட முடியும்.

பயணப் பை மாட்ட இரும்புச் சட்டம் போடுவதாக இருந்தால் வண்டி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். துணிப்பை சைலன்சரில் உரசாதபடி அது நிற்க வேண்டும், மனைவியின் கால் வைக்கும் இடத்தையும் மறைக்கக் கூடாது. அவருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்றை, தலையில் மாட்டி அளவு பார்த்து, அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.