விறகடுப்புப் புகை குழாயில் ஏறவில்லை: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் இரும்பு விறகடுப்பு இருக்கிறது. காலையில் பற்றவைத்ததும் புகை மேலே ஏறாமல் அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வருகிறது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதனால்தான் இவ்வளவு கவலை.

6 அங்குலத் தகரக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், வெட்டவெளியில் ஏறுகிறது. இரண்டு இடங்களில் செங்கோணமாகத் திரும்புகிறது. இரவுப் பனியில் குழாய் சில்லிட்டு, உள்ளே கனத்த குளிர்காற்று அடைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயின் அடியில் கொளுத்தினால் சற்று நேரம் நன்றாக இழுக்கிறது. சுடர்கூட உள்பக்கமாகச் சாய்கிறது. ஜன்னலைத் திறந்தாலும் பலன் தெரிகிறது. விறகு நன்றாகக் காய்ந்த சீகை மரம்தான். குழாயில் கரி அடைப்பும் இல்லை.

குழாய் முனை, 10 அடிக்குள் இருக்கும் கூரைப் பகுதியைவிட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். எங்களுடையது முகட்டுக்குக் கீழேயே நிற்கிறது. முதலில் உயரத்தைக் கூட்டுவதா, வளைவுகளை 45 டிகிரியாக மாற்றுவதா, வெளிக் குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடுவதா? மலைப்பகுதியில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். குன்னூர், ஊட்டிப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர் இருந்தாலும் தெரிவியுங்கள்.