மாசி பிறந்துவிட்டது: உருளைக்கிழங்கை எப்போது தோண்டலாம்?

கேள்வி (தக்கலையிலிருந்து)

வணக்கம். மழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியில், வீட்டின் கிழக்குப் பக்கத்துப் பாத்தியில் முளைவிட்ட உருளைக்கிழங்குகளை நட்டேன். சிலவற்றைச் சாக்குப் பைகளிலும் வைத்தேன். செடிகள் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, கண்ணுக்கு நிறைவாக நிற்கின்றன. ஆனால் ஒரு செடியின் அடியில் மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தபோது, தண்டிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வெள்ளை இழைகளின் நுனியில் பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரையே கிழங்கு பிடித்திருந்தது. இன்னும் பருக்குமா, அல்லது நம் ஊர் வெயிலுக்கு இவ்வளவுதானா? எந்த அடையாளத்தைக் கொண்டு தோண்டுவது? மேலும், பாத்தியில் ஒரு செடி மட்டும், மண் ஈரமாக இருந்தும், உச்சி வெயிலில் இலை தொங்கி நிற்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (நாகர்கோவிலிலிருந்து)

நண்பரே, இலைச் செழிப்பை வைத்துக் கிழங்கை எடை போட முடியாது. இலையில் உருவாகும் மாவுச்சத்து மண்ணுக்குள் இறங்கிச் சேர்வதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும்; 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான இரவுகளில்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கிறது. அதற்கு மேல் போகப்போகச் செடி தன் ஆற்றலைத் தண்டுக்கும் இலைக்குமே செலவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில்கூட நம் சமவெளியில் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், நீங்கள் நட்ட காலம் சரியானதே, குறை இந்த மண்ணின் சூட்டில்தான் இருக்கிறது. ஆகவே செடியின் அடியில் மண் அணைத்து, அதன் மேல் தென்னஞ்சருகையோ காய்ந்த இலையையோ கனமாகப் பரப்பி, மண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள். பைகள் நாற்புறமும் சூடேறுவதால் அவற்றைப் பிற்பகல் நிழலுக்கு மாற்றிவிடுவது நல்லது. இனித் தழைச்சத்து எதுவும் வேண்டாம். கடலைப்பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள், அது இலையைத்தான் வளர்க்கும்.

மண் அணைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமாகி, சோலனின் என்னும் நச்சுப்பொருள் அதில் மிகும். அத்தகைய கிழங்கைச் சமைக்காமல் ஒதுக்கிவிடுவதே முறை.

தோண்டும் அடையாளம் எளிது. அடி இலைகளில் தொடங்கிச் செடி பெரும்பாலும் மஞ்சளாகிச் சாயும்போது, தண்டுகளைத் தரையோடு வெட்டிவிட்டு, தண்ணீரை நிறுத்தி, பத்து முதல் பதினைந்து நாட்கள் கிழங்கை மண்ணிலேயே விடுங்கள். தோல் முற்றுவதற்கு அந்த இடைவெளி வேண்டும். ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துத் தோல் உரியவில்லை என்றால் எடுத்துவிடலாம். மண்வெட்டியைத் தண்டிலிருந்து தள்ளிப் போட்டு, மிச்சத்தைக் கையால் கிளறி எடுங்கள். கழுவ வேண்டாம், நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில் வையுங்கள்.

வாடும் செடியைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். அதன் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் நீரில் அமிழும்படி ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய்.

பதில் (குலசேகரத்திலிருந்து)

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. குளிர்நாட்டுப் பயிரை இத்தனை பாடுபட்டு இங்கே வளர்ப்பதைவிட, நம் மண்ணில் சிறுகிழங்கு தானாகவே வருமே? துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடியின் கொடித்தலைகளை ஆவணியில் நட்டால், ஏறக்குறைய ஐந்து மாதத்தில், பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிடைக்கும். பொரியலின் மணத்துக்கு உருளை கிட்டவே வராது என்பது என் துணிபு. வீட்டில் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு.

ஆனாலும் உருளைதான் வேண்டும் என்றால், அடுத்த முறை சந்தைக் கிழங்கை விட்டுவிட்டு ரகம் பார்த்து வாங்குங்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குஃப்ரி சூர்யா, வெப்பத்தைத் தாங்கும் ரகம். ஊட்டிக்குப் போகிறவர்களிடம் விதைக்கிழங்கு சொல்லிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அங்கே 1961-இல் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்ணிய புழு), கிழங்கில் ஒட்டிய மண்ணோடு இடம் மாறக்கூடியது.

கேட்டவர் (தக்கலை)

இருவருக்கும் நன்றி. டம்ளர் சோதனை செய்தேன். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிற நூல் நேராக அடிவரை இறங்கி, தண்ணீர் மெல்லக் கலங்கியது. போன வருடம் அதே பாத்தியில் கத்தரி நின்றது. மற்றச் செடிகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில் (நாகர்கோவிலிலிருந்து)

அப்படியானால் சந்தேகமே இல்லை. இதற்குத் தெளித்துக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அந்தச் செடியை வேரைச் சுற்றிய மண்ணோடும் கிழங்கோடும் பெயர்த்து அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடக் கூடாது. பாத்தியில் தண்ணீர் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு ஓடாதபடி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையால் ஊற்றுங்கள். மண்வெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே பைகளின் பக்கம் கொண்டுபோங்கள். மற்றச் செடிகள் வாடாமல் நின்றால், முன்பு சொன்ன முறைப்படி எடுத்துச் சமையலுக்குப் பயன்படுத்தலாம்; விதைக்கு ஒன்றுகூட எடுத்துவைக்காதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் இதே நோய்க்கு ஆளாகும் பயிர்கள் என்பதால், இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் சோளமோ பயறோ போடுங்கள். இஞ்சியும் வேண்டாம்.