புதுப்பிப்பு: காசு செலவில்லாமல் சிமுலேட்டர் கிடைத்துவிட்டது

4 ஜிபி ராம் உள்ள என் பழைய லேப்டாப்பில் டிஜிட்டல் சர்க்யூட்டுகளை எழுதும் மொழிகளான வெரிலாக், விஎச்டிஎல் இரண்டையும் ஓட்டிப் பார்க்க விலை குறைந்த சிமுலேட்டர் (சர்க்யூட்டைக் கணினியிலேயே சோதிக்கும் மென்பொருள்) எது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெரிலாக்குக்கு இகாரஸ் வெரிலாக் போட்டேன். இலவசம், இடமும் அதிகம் பிடிக்கவில்லை. 0000 முதல் 1111 வரை எண்ணும் 4 பிட் கவுன்ட்டர் எழுதி ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை. ஆனால் சிக்னல்கள் மாறுவதைப் படமாகக் காட்டும் ஜிடிகேவேவில் திறக்க அலைவடிவக் கோப்பே உருவாகவில்லை. அரை நாள் தேடினேன். டெஸ்ட்பெஞ்சில் (டிசைனைச் சோதிக்க எழுதும் நிரலில்) அலைவடிவத்தைக் கோப்பில் சேமிக்கச் சொல்லும் டம்ப்ஃபைல், டம்ப்வார்ஸ் என்ற இரண்டு வரிகள் விடுபட்டிருந்தன. சேர்த்ததும் 1111 முடிந்து 0000 திரும்புவது கண்முன்னே தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்!

விஎச்டிஎல்லுக்கு ஜிஎச்டிஎல், அதுவும் இலவசம்தான். ஆனால் இந்த இரண்டு சிமுலேட்டர்களிலும் இரண்டு மொழிகளையும் ஒரே டிசைனில் நேரடியாகக் கலந்து ஓட்ட முடியாது. எனக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. அப்புறம், அடுத்து யூஆர்ட் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் சர்க்யூட்) எழுதத் தொடங்குகிறேன்.