எழுதிட்டு வந்த வரியா, அங்கயே பொறந்த வரியா? ராப் பேட்டில்ல, அதாவது ரெண்டு ராப்பர் மாத்தி மாத்தி வரியால மோதுற போட்டில, உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். என்னோட முதல் பேட்டில் அகாபெல்லா, பீட் கிடையாது, ஆளுக்கு 3 ரவுண்டு, எதிராளி யாருன்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. இந்த ஃபார்மேட்ல எழுதிட்டு வர்றதுதான் வழக்கம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நானும் ராப்பகலா எழுதினேன், அவனோட பழைய வீடியோ எல்லாம் பாத்து எங்க மூச்சு வாங்குறான், எந்த வார்த்தைய திரும்பத் திரும்ப சொல்றான்னு குறிச்சு வெச்சேன். 2ஆவது ரவுண்டு முழுக்க அவன் தாடிய வெச்சுதான் கட்டியிருந்தேன், 8 வரி செட்டப், அதாவது அடிக்கு முன்னாடி களம் கட்டுற வரி, அப்புறம் அடி விழுற பன்ச் வரி, அது மேலயே இன்னொரு பன்ச்.

அன்னிக்குன்னு பாத்து மழிச்சுட்டு வந்து நிக்கிறான்.

பாத்த உடனே அந்த ரவுண்ட தூக்கிப் போட்டிருக்கணும். ஆனா மனப்பாடம் பண்ணின வெர்ஸ்ல நடுவுல ஒரு வரிய உருவினா அடுத்த வரி ஞாபகத்துக்கே வராது, அங்கயே சோக் ஆயி, வரி மறந்து வாயடைச்சு நின்னுருவோமோன்னு பயம், அந்த பயத்துல எழுதினத அப்படியே சொல்லி முடிச்சேன். கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல. அவன் முறை வந்ததும் எடுத்த எடுப்புல ரெண்டே வரி:

தாடிய பத்தி பேசுற, என் தாடைய கொஞ்சம் பாரு
நேத்து எழுதின சீட்டுக்கு இன்னிக்கு பதில் சொல்றது யாரு

அவ்ளோதான், இடமே அதிர்ந்துருச்சு. அந்த வரில டபுள் மீனிங் கிடையாது, பல அசை சேர்ந்து ரைம் ஆகுற மல்டி கிடையாது, என் 8 வரி அத விட நல்லா எழுதினதுன்னு இப்பவும் சொல்வேன். ஆனா ஒரு நிமிஷம் முன்னாடி அந்த ரெண்டு வரி உலகத்துலயே இல்லன்னு அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். எதிராளி சொன்னதுக்கு அங்கயே பதிலடி கொடுக்குற ரீபட்டலுக்கு இருக்கிற பலம் அதுதான், எவ்ளோ நல்ல பேனா வெச்சிருந்தாலும் அந்த ஒண்ண முன்னாடியே எழுதி வெக்க முடியாது.

அதுக்காக எழுதுறவன் போலின்னு சொல்ற கூட்டத்துல நான் சேர மாட்டேன். அங்கயே யோசிச்சு பாடுறதத்தான் இப்ப ஃப்ரீஸ்டைல்னு சொல்றோம், ஆனா அந்த சொல்லுக்கே 80கள்ல வேற அர்த்தம் இருந்துச்சு, எந்த தலைப்புக்கும் கட்டுப்படாம எழுதின வரியத்தான் அப்ப ஃப்ரீஸ்டைல்னு சொன்னாங்கன்னு அந்தக் கால அமெரிக்க ராப்பர் பிக் டாடி கேனே சொல்லியிருக்காரு. 1981ல நியூயார்க்ல இருந்த ஹார்லெம் வேர்ல்டு கிளப்புல பிஸி பீங்கிற ராப்பர் கூட்டத்த கத்த வெச்சு கலக்கிட்டு இறங்கினப்புறம் கூல் மோ டீங்கிற இன்னொரு ராப்பர் மைக்க வாங்கி பிஸி பீயோட ஸ்டைலயே பிரிச்சு மேஞ்சாரு, எதிராளிய கவனிச்சுட்டு அவனுக்குன்னே பேசுறதுங்கிற பழக்கம் வேரூன்றின ராத்திரியா அதத்தான் நிறைய பேர் சொல்வாங்க. என் தப்பு நான் எழுதினது இல்ல. எதிர்ல நிக்கிறவன பாக்காம சொன்னதுதான்.

*

ப்ரோ, எனக்கு நடந்தது அப்படியே தலைகீழ். அது பீட் ஓடுற பேட்டில், டிஜே எத போடுவாருன்னு யாருக்கும் தெரியாது, 60 செகண்ட், எழுதினத கொண்டு வரக்கூடாதுங்கிறதுதான் ரூலே. செமில எனக்கு எதிர்ல வந்தவன் முதல் வரிலயே அசத்துறான், இடத்த நிரப்புற ஒரு வெத்து வார்த்தை இல்ல, கண்ணு எங்கயும் அலையல, மூச்சு விடுற இடம் கூட சரியா விழுது, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நாலாவது வரில புரிஞ்சுருச்சு, இத அவன் ரெண்டு மாசம் முன்னாடி இன்னொருத்தன் மேல போட்டப்ப நான் கீழ நின்னு கைதட்டியிருக்கேன். அவன் பன்ச்சுக்கு மூச்ச இழுக்குறப்ப கடைசி வார்த்தைய நான் முந்திக்கிட்டு சொல்லிட்டேன். மைக் இல்லாமதான் சொன்னேன், ஆனா முன்னாடி நின்னவங்களுக்கு கேட்டுருச்சு. அவன் அப்படியே நின்னுட்டான், பீட் மட்டும் ஓடுது, மிச்சம் இருந்த 20 செகண்டும் வாயே திறக்கல.

ஜெயிச்சேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா அது நல்ல வெர்ஸ் ப்ரோ, அகாபெல்லால சொல்லியிருந்தா நானே எழுந்து நின்னு கத்தியிருப்பேன். அப்ப யோசிச்ச மாதிரி நடிச்சான் பாருங்க, அதத்தான் என்னால ஏத்துக்க முடியல. எதிர்ல நிக்கிறவன் நிஜமாவே தலைல இருந்து எடுத்து பாடி தடுமாறிட்டு இருக்கான், அவனுக்கு அது பெரிய அநியாயம்.

இன்னொன்னும் கவனிச்சேன், தமிழ்ல அங்கயே கட்டுறப்ப வினைச்சொல் கடைசில வந்து விழுறதால வந்தேன், நின்னேன், சொன்னேன்னு ரைம் தானா கிடைச்சுரும், கேக்க ஓடுற மாதிரி இருக்கும், ஆனா அதுல கனம் இல்ல. வாக்கியத்த திருப்பிப் போட்டு பெயர்ச்சொல்லுல முடிக்கணும், இல்லன்னா வரி ஆரம்பத்துல எதுகை பிடிக்கணும். அத அந்த இடத்துலயே பண்றவங்க ரொம்ப கம்மி, பண்ணினா ஜட்ஜ் காதுக்கு உடனே தெரியும்.

*

அந்த வினைச்சொல் விஷயம் ரொம்ப சரி, எனக்கு எதிரா வந்த ரெண்டாவது வரியும் வினைச்சொல்லுல முடியல, திருப்பிப் போட்டு "யாரு"ன்னுதான் முடியுது. ஆசுகவின்னு கேள்விப்பட்டிருப்போமே, கொடுத்த சொல்ல வெச்சு அங்கயே பாட்டு கட்டுறது, அவங்களும் மனசுக்குள்ள யாப்ப ஊற வெச்சிருந்ததாலதான் முடிஞ்சிருக்கும்னு நான் நம்புறேன்.

2012ல அமெரிக்காவுல 12 ராப்பர்கள ஸ்கேனர்ல படுக்க வெச்சு, ஒரே பீட்டுக்கு மனப்பாட வரியும் ஃப்ரீஸ்டைலும் பாட சொல்லி பாத்தாங்க. ஃப்ரீஸ்டைல்ல தன்ன தானே கண்காணிச்சு கட்டுப்படுத்துற மூளைப்பகுதியோட வேலை குறைஞ்சிருந்துச்சு. இத படிச்சப்ப அந்த தாடி ரவுண்டுதான் ஞாபகம் வந்துச்சு, ஒரு வரி கூட தப்பிரக் கூடாதுன்னு என்னையே காவல் காத்துட்டு நின்னேன், அப்புறம் புதுசா எப்படி வரும்.

இப்ப பயிற்சிய மாத்திட்டேன். ஸ்பானிஷ் ஃப்ரீஸ்டைல் லீக் எஃப்எம்எஸ்ல 10 செகண்டுக்கு ஒரு வார்த்தை திரையில வரும், ஹார்ட் மோட்ல 5 செகண்டுக்கு ஒண்ணு, அத அப்படியே வீட்டுல பண்றேன், ஃப்ரெண்டு சொல்ல சொல்ல நான் கட்டணும், பாதி உளறலாத்தான் வரும், நிறுத்த மட்டும் மாட்டேன். அடுத்த பேட்டில் அகாபெல்லாதான். 2ஆவது ரவுண்டுக்கும் 3ஆவது ரவுண்டுக்கும் முதல் 4 வரிய காலியா விட்டிருக்கேன், 5ஆவது வரி எந்த ஓசைல முடியும்னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன், மீதிய அவன் சொல்றத கேட்டுட்டுதான் நிரப்பணும்.