எர்ணாவூரில் ராத்திரி வாடை: கதவைச் சாத்துவதா, வெளியே ஓடுவதா?

புதுக்குடித்தனம்:
போன மாதம்தான் வியாசர்பாடியிலிருந்து எர்ணாவூர் வந்தோம். வாடகை குறைவு, மொட்டைமாடியில் கடல் காற்று. ஆனால் சில ராத்திரி மூக்கை அரிக்கிற வாடை. பெரியவளுக்கு வீசிங் வேறு. 2023-இல் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரக் கம்பெனிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தபோது என்ன செய்தீர்கள்?

குப்பத்துக்காரன்:
அக்கா, அது டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். முதலில் கண் எரிந்தது, அப்புறம்தான் இருமல். அம்மா துண்டைக் குடத்தில் முக்கி எல்லார் மூக்கிலும் கட்டிவிட்டார். சும்மா பாட்டி வைத்தியம் இல்லை, அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஆனால் அந்தத் துணி ரொம்ப நேரம் தாங்காது. நாங்கள் செய்த தப்பு, காற்று போகிற பக்கமே ஓடியது. கொடியில் காயும் சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்காக நடந்து விலகுங்கள்.

மணலி நர்ஸ்:
கசிவு பக்கத்திலேயே என்றால் வெளியேறுங்கள். தூரத்தில் என்றால் ஜன்னல், எக்ஸாஸ்ட் எல்லாம் மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி. கண் எரிந்தால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கசக்காதீர்கள். இன்ஹேலர் பீரோவில் வேண்டாம், தலைமாட்டில் இருக்கட்டும். மூச்சு இழுத்தால் உடனே 108.

குப்பத்துக்காரன்:
அதே டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கசடும் வந்ததே! காலில் ஒட்டினால் மண்ணெண்ணெய் போடாதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவி சோப்பு போடுங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது, முழங்கால் உயரத்தில்.

புதுக்குடித்தனம்:
சரி தம்பி. இன்ஹேலரைத் தலைமாட்டுக்கு மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவருக்குப் புது பெயின்ட் ஏன் அடித்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.