10 வயசுப் பொண்ணு, 141 செ.மீ. உயரம்: தீம் பார்க்கில் அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?

குடந்தை வாசி (கேள்வி):

வணக்கம். காலாண்டு லீவில் கும்பகோணத்திலிருந்து ரெண்டு குடும்பமாக, திருப்போரூர் பக்கம் புதுசாக வந்திருக்கும் வொண்டர்லா தீம் பார்க் போகத் திட்டம். பெரியவர்கள் 4 பேர், 66 வயது அம்மா, பிள்ளைகள் 4 பேர். டேப் வைத்து நேற்று ராத்திரி சுவரில் அளந்தது:

பெண்: 10 வயது, 141 செ.மீ.
தம்பி மகன்: 12 முடிந்து 3 மாதம், 138 செ.மீ.
பையன்: 6 வயது, 117 செ.மீ.
தம்பி மகள்: ஒன்றே முக்கால் வயது, 84 செ.மீ.

யாருக்கு என்ன டிக்கெட்? பெண்ணுக்கு ஆதார் காட்டி 10 வயது என்று சொன்னால் குழந்தைக் கட்டணம் கிடைக்குமா? ஆன்லைனில் மாற்றிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ரயிலுக்கும் இதே கணக்குதானா?

கொள்ளிடக்கரை:

ஆதார் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை சார். அங்கே வயசைக் கேட்கவே மாட்டார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை, அதற்கு மேல் பெரியவர். உங்கள் பெண்ணுக்கு முழு டிக்கெட். அவளைவிட ரெண்டு வயது மூத்த அண்ணனுக்குக் குழந்தை டிக்கெட். வீட்டில் சண்டை வரும், இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். 117க்குக் குழந்தை டிக்கெட், 84க்கு இலவசம்.

அம்மாவின் டிக்கெட்டில்தான் வயசு எடுபடும். 60 தாண்டியவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

நாட்டாறு:

மேலே சொன்னது சரி. ஆனால் 84, 141 இரண்டுமே எல்லைக்கு ஒரு செ.மீ. தள்ளி நிற்கின்றன. வீட்டு அளவில் ஒரு செ.மீ. பிசகுவது சர்வ சாதாரணம். எங்கெங்கே பிசகும் என்று பாருங்கள்.

முதல் ஆள் ஸ்கர்ட்டிங். டைல்ஸ் போட்ட வீட்டில் சுவர் அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஓடு துருத்தி நிற்கும். குதிகால் சுவரைத் தொடாது, பிள்ளை பின்பக்கம் சாய்ந்து நிற்கும், அளவு குறைந்துவிடும். ஸ்கர்ட்டிங் இல்லாத தூணிலோ கதவு நிலையிலோ நிறுத்துங்கள். தையல்காரர் டேப் பழசானால் இழுபடும், இரும்பு டேப் நல்லது. தலையில் வைப்பது அட்டை கெட்டியான புத்தகம், அதன் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். ஸ்கேலை வைத்தால் சாயும். குதிகால், இடுப்பு, தோள் சுவரில் படணும். பார்வை நேராக இருக்கணும், மோவாய் தூக்கக் கூடாது. கொண்டை, கிளிப் எல்லாம் அவிழ்த்துவிட்டு மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்தது நேரம். படுத்து எழுந்ததும் எல்லாருமே ஒரு செ.மீ. போல உயரமாக இருப்போம். முதுகெலும்பு வட்டுகள் ராத்திரியில் உப்பி, பகலில் அமுங்கும். அமுங்குவதில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடும். நீங்கள் ராத்திரி அளந்தீர்கள். பார்க் வாசலில் நிற்கப்போவது காலை பத்து பதினொரு மணிக்கு. ஆக அங்கே கொஞ்சம் கூடத்தான் காட்டும், குறையாது. 141 பெண் 140க்குள் வர வழியே இல்லை. 138 பையன் தப்பித்துவிடுவான்.

பாப்பாவை நிற்க வைத்து அளந்தீர்களா? அங்கன்வாடி அட்டையிலோ தடுப்பூசி அட்டையிலோ இருக்கும் எண் என்றால், இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளப்பார்கள். படுத்த அளவிலிருந்து 0.7 செ.மீ. கழித்தால்தான் நின்ற அளவு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு அது. பார்க்கில் நிற்க வைத்துத்தான் பார்ப்பார்கள். லீவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தால், அந்த வயதில் மாதம் ஒரு செ.மீ. வளர்ச்சி என்பது சாதாரணம். இலவசம் என்று இப்போதே எழுதி வைக்காதீர்கள்.

குடந்தை வாசி:

நிற்க வைத்துத்தான் அளந்தோம், ஆனால் ஸ்கர்ட்டிங் இருக்கும் சுவர்! திரும்ப அளக்கிறேன். இன்னொன்று. பெண் வயசில் சின்னவள், பெரியவர் கட்டணம் கட்டுகிறோம். இது நியாயமா?

அரிச்சந்திரா:

கட்டணம் நியாயமோ இல்லையோ, ரைடு கணக்கில் உங்கள் பெண்தான் அதிர்ஷ்டசாலி. வேகமான, தலைகீழாகப் போகிற ரைடுகள் பலவற்றில் 140தான் குறைந்தபட்ச உயரம். தோள் மேல் வந்து பூட்டும் தடுப்பும் மடி மீது இறங்கும் கம்பியும் உடம்பு அளவுக்குச் செய்தவை. ஆள் குட்டையாக இருந்தால் தோள் தடுப்பு காது பக்கம் நிற்கும், இடுப்பில் இடைவெளி விழும், உடம்பு கீழே வழுக்கும். அதற்கு வயசைப் பார்த்துப் பிரயோசனமில்லை. 138 அண்ணனுக்குக் காசு குறைவு, ஆனால் அந்த ரைடுகளில் கீழே நின்று தங்கைக்கு டாட்டா காட்ட வேண்டியதுதான்.

முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லி டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ரைடு வாசலிலும் தனியாக அளவுக்கம்பு இருக்கும். சில பார்க்கில் கையில் கட்டும் பட்டையே நிறம் வேறு. அங்கே குனிந்த பிள்ளை இங்கே நிமிர்ந்தால் கேள்வி வரும்.

117 பையனுக்கு முன்கூட்டியே பார்த்து வையுங்கள். 120 என்று இன்னொரு கோடு பல ரைடுகளில் உண்டு. அவனுக்குச் சின்னப் பிள்ளை ரைடுகளும் ஆழம் குறைந்த குளமும்தான். ஒரு பெரியவர் பெரும்பாலும் அவனோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டிவரும், முறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைன்: சந்தேகம் இருந்தால் குழந்தை டிக்கெட் போடுவதே மேல். வாசலில் கூடுதலாக வந்தால் வித்தியாசத்தைக் கட்டினால் போதும். முழு டிக்கெட் போட்டுவிட்டு 139 என்று தெரிந்தால் பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு. உங்கள் பெண்ணுக்கு அந்தச் சந்தேகமே இல்லை, முழுதாகவே போட்டுவிடுங்கள்.

விலை ஒப்பிடும்போது வரியைக் கவனியுங்கள். தீம் பார்க் நுழைவுக்கு ஜிஎஸ்டி 28% இருந்தது, 2018 ஜனவரி 25 முதல் 18% ஆனது. ஓர் இடத்தில் 1,000 என்று வரியில்லாமல் போட்டிருப்பான், கட்டும்போது 1,180. இன்னோர் இடத்தில் 1,150 வரியோடு. இரண்டாவதுதான் மலிவு. வார நாள் விலை வேறு, சனி ஞாயிறு விலை வேறு. காலாண்டு லீவில் வார நாளிலும் கூட்ட நாள் விலை போடலாம். நீங்கள் போகும் தேதியைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மாயூரம் ஜங்ஷன்:

ரயிலில் கதை தலைகீழ். அங்கே உயரம் கிடையாது, வயசுதான். 5 முடியாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 முடியாதவரை, படுக்கை வேண்டாமென்றால் அரை, வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரல் 21 முதல் இதுதான். அதற்கு முன் அரைக் கட்டணத்திலேயே படுக்கை கொடுத்தார்கள், அதை நினைத்துக்கொண்டு இன்றைக்கும் ஏமாறுகிறவர்கள் நிறைய.

உங்கள் வீட்டுக் கணக்கு: 12 முடிந்த தம்பி மகனுக்கு முழு டிக்கெட். 10 வயதுப் பெண்ணும் 6 வயதுப் பையனும் ஒரே படுக்கையில் அடங்குவார்கள் என்றால் ஒருவருக்குப் படுக்கையோடு முழுக் கட்டணம், இன்னொருவருக்குப் படுக்கை இல்லாமல் அரை. பாப்பா இலவசம். பதிவு செய்யும்போது படுக்கை வேண்டாம் என்ற கட்டத்தை நீங்களே தேர்வு செய்ய வேண்டும், தானாக அரை விழாது.

இந்த அரைக் கட்டணம் ஸ்லீப்பர் மாதிரிப் படுக்கை வகுப்பில்தான். சேர் காரிலும் செகண்ட் சிட்டிங்கிலும் இருக்கை வேண்டாம் என்று போட வழியில்லை, 5 வயதுக்கு மேல் முழுக் கட்டணம். இருக்கை மட்டுமே உள்ள மயிலாடுதுறை - கோவை ஜனசதாப்தியில் ஏறி மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பார்க்குக்குப் போகிறவர்கள் சிக்கிக்கொள்வது இதில்தான்.

உழவன் எக்ஸ்பிரஸில் போனால் செங்கல்பட்டில் இறங்கித் திருப்போரூர் பஸ் பிடியுங்கள், எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம். அரசு பஸ்ஸில் 5 வயது வரை இலவசம், 2022இல் 3லிருந்து 5 ஆக்கினார்கள். அதற்கு மேல் 12 வரை அரை.

கொள்ளிடக்கரை:

ஜங்ஷன் சொன்னதோடு ஒன்று. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிற நம்ம ஊர்க்காரர்கள் இந்த 140ஐ அங்கேயும் எதிர்பார்க்கிறார்கள். அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்கில் குழந்தை டிக்கெட் 4 முதல் 12 வயது வரை, உயரம் எத்தனை இருந்தாலும். ரைடுக்கு மட்டும் உயரம், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. அமெரிக்க டிஸ்னியில் 10 வயதிலேயே பெரியவர் கட்டணம். சீனாவில் ரயில் டிக்கெட்டையே உயரம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2023இல்தான் வயசுக்கு மாறினார்கள்.

குடந்தை வாசி:

தூணில் வைத்து மூன்று தடவை அளந்தாயிற்று. பெண் 141.5, தம்பி மகன் 138.5, பையன் 117, பாப்பா 84.6. ஆக முழு டிக்கெட் 5, குழந்தை 2, அம்மா 1. பாப்பாவுக்கு வாசலில் பார்த்துக்கொள்கிறோம். வேறு ஏதாவது?

அரிச்சந்திரா:

தண்ணீர் ரைடுக்குப் பருத்தித் துணி விடமாட்டார்கள், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டர் ஆடையை ஊரிலேயே வாங்குங்கள், அங்கே விலை கூடுதல். புளியோதரை மூட்டையை வாசலில் நிறுத்திவிடுவார்கள், பாப்பாவின் சாப்பாட்டை மட்டும் தனிப் பையில் வையுங்கள். அம்மாவுக்கு அசல் அடையாள அட்டை, ஜெராக்ஸ் வேண்டாம்.